சின்ன கேம்பிங் டிரெய்லருக்கு கரண்ட் வேலை: அடிக்கடி கேக்கற கேள்விங்க

கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டு போற மாதிரி சின்னதா படுக்கை டிரெய்லர் வீட்லயே செய்யறவங்க வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு நம்ம பழைய வடாற்காடு பக்கமும் கிளம்பிட்டாங்க. வெல்டிங், பிளைவுட், ஆக்சில் எல்லாம் தைரியமா முடிச்சிடறாங்க, கரண்ட் வேலைன்னு வந்ததும் போன் அடிக்கறாங்க. எல்லாரும் அதே சந்தேகத்தைத்தான் கேக்கறாங்க, அதனால ஒரே எடத்துல எழுதி வெச்சிட்டேன். கேள்விங்க அவங்க கேட்ட வாக்குலயே இருக்கு.

என் கட்சி இன்னான்னு முதல்லயே சொல்லிடறேன். லைட், ஃபேன், போன் சார்ஜ் இந்த மூணும் 12 வோல்ட்ல நேரா ஓடணும். சமைக்கறதுக்கு கேஸ் அடுப்பு. காசு மிச்சம் இருந்தா அதை வொயர்லயும் ஃப்யூஸ்லயும் போடுங்க, சோலார் எல்லாம் அப்புறம்.

அண்ணா, டியர்டிராப் டிரெய்லர்னா இன்னா? அதுக்குள்ள பெருசா இன்னா கரண்ட் வேலை கீது?

ரெண்டு பேர் படுக்கற அளவுக்கு ஒரு பெட்டி, முன்பக்கம் உருண்டையா பின்பக்கம் சரிவா கண்ணீர்த் துளி மாதிரி இருக்கும், பின் கதவைத் தூக்கினா சின்ன சமையல் மேடை. அமெரிக்காவுல 1930-கள்லயே ஆளுங்க இதை வீட்ல செய்ய ஆரம்பிச்சிட்டாங்க. உள்ள நிக்க முடியாது, உக்காரலாம் படுக்கலாம், அவ்ளோதான். அதனால கரண்ட் தேவையும் கம்மிதான்.

ஒரே வித்தியாசம், அந்த ஊர்க்காரன் ராத்திரி குளிருக்கு ஹீட்டர் பத்தி யோசிப்பான், நமக்கு விடிய விடிய ஃபேன் ஓடணும். நம்ம கணக்கு மொத்தமும் அந்த ஃபேனை சுத்தித்தான்.

எவ்ளோ பெரிய பேட்டரி வாங்கணும்? கடைக்காரர் 150 ஆம்ப் அவர் போட்டுக்கோங்கறார்.

கடைக்காரர் அப்படித்தான் சொல்வார், வீட்டு இன்வெர்ட்டருக்கு வித்து வித்து பழக்கம். நீங்க ஒரு பேப்பர் எடுத்து ராத்திரிக்கு எது எது எவ்ளோ நேரம் ஓடும்னு எழுதுங்க. 5 வாட் எல்.இ.டி ரெண்டு, நாலு மணி நேரம், அது 40 வாட் அவர். 12 வோல்ட் ஃபேன் 15 வாட், ஒம்போது மணி நேரம், 135. ரெண்டு போன் ஃபுல் சார்ஜ், ஒண்ணுக்கு 25 வெச்சா 50. கூட்டினா 225, கொஞ்சம் சேத்து 230னு வெச்சிக்கோங்க. ரெண்டு ராத்திரி எந்த சார்ஜும் இல்லாம தாங்கணும்னா 460.

இப்ப பேட்டரி பக்கம் வாங்க. வோல்ட்டை ஆம்ப் அவரால பெருக்கினா வாட் அவர். லித்தியம் பாஸ்பேட்ல 12.8 வோல்ட் 50 ஆம்ப் அவர்னா 640, அதுல எட்டுல ஒரு பங்கை விட்டுட்டு மீதிய தைரியமா எடுக்கலாம், கையில 550 நிக்கும். லெட் ஆசிட்ல பாதிக்கு மேல எடுத்தா ஆயுசு சீக்கிரம் போயிடும், அதனால அதே வேலைக்கு 100 ஆம்ப் அவர் வேணும். அந்த 150 எதுக்குன்னு அவரையே கேளுங்க.

வீட்ல பழைய இன்வெர்ட்டர் பேட்டரி சும்மா கெடக்குது, அதையே வெச்சிக்கலாமா? இல்ல கார் பேட்டரி?

கார் பேட்டரி வேணாம். அது வண்டி ஸ்டார்ட் பண்ண சில நொடிக்கு நெறைய ஆம்பியர் குடுக்கற மாதிரி மெல்லிசு பிளேட் போட்டு செஞ்சது, ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமா எடுத்து காலி பண்ணா கொஞ்ச நாள்ல படுத்துடும்.

டியூப்லர் இன்வெர்ட்டர் பேட்டரி இந்த வேலைக்கு ஏத்த ஜாதிதான், ஆனா 150 ஆம்ப் அவர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல இருக்கும், உயரமும் ஜாஸ்தி, உள்ள ஆசிட் தண்ணி. ஏலகிரி ஏறும்போது 14 ஹேர்பின் பெண்ட்லயும் அது சாஞ்சு சாஞ்சு வரும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வேற விடும், நீங்க தலை வெச்சு படுக்கற பெட்டிக்குள்ள அதை வெக்கவே கூடாது. கையில இருக்கு, செலவு பண்ண மாட்டேன்னா டிரெய்லர் மூக்குல, கார் மாட்டற கொக்கி பக்கம், காத்து போற தனிப் பெட்டி செஞ்சு இறுக்கி கட்டுங்க. மூடி சீல் பண்ண மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரின்னா தண்ணி சிந்தற தொல்லை இல்லை, வெயிட் இருக்கத்தான் செய்யும்.

இன்னொண்ணு, எந்த பேட்டரியா இருந்தாலும் கேஸ் சிலிண்டர் பக்கத்துல வெக்காதீங்க. எல்.பி.ஜி காத்தை விட கனம், லீக் ஆனா தரையோட போய் மூலையில தங்கும், அங்க ஒரு ரிலேவோ சுவிட்சோ சின்னதா பொறி விட்டா போதும். சிலிண்டர் ஒரு கோடி, பேட்டரி ஒரு கோடி.

லித்தியம்னா வெடிக்கும்னு சொல்றாங்களே, நம்ம ஊர் வெயிலுக்கு தாங்குமா?

ரெண்டு லித்தியம் இருக்கு. போன்லயும் நெறைய ஸ்கூட்டர்லயும் வர்றது ஒரு வகை, அது சூடு ஏறினா அடங்காது. நான் சொல்றது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், எல்.எஃப்.பின்னு போட்டிருக்கும், அது எவ்ளோவோ சாது. உள்ள பி.எம்.எஸ்னு ஒரு போர்டு இருக்கும், ஓவரா சார்ஜ் ஆனாலும் ரொம்ப காலியானாலும் ஷார்ட் ஆனாலும் தானே கட் பண்ணிக்கும். பி.எம்.எஸ் இல்லாம வெறும் செல்லை டேப் சுத்தி விக்கறவங்க கிட்ட வாங்காதீங்க.

வெயில் கேள்வி நியாயமானது. நெறைய எல்.எஃப்.பி செல்லுக்கு சார்ஜ் பண்ற சூடு 45 டிகிரி வரைக்கும்னுதான் குறிப்புல இருக்கும். கத்திரி வெயில்ல வெளியவே 40 தாண்டும்போது மூடின தகரப் பெட்டிக்குள்ள எவ்ளோ இருக்கும்னு யோசிச்சிக்கோங்க. அதனால பேட்டரி கூரைக்கு பக்கத்துல வேணாம், கீழ, நெழல்ல, ரெண்டு பக்கமும் காத்து ஓட்டை விட்டு வெக்கணும். மத்தியானம் வெயில்ல நிக்குதுன்னா பின் கதவைத் தூக்கி வெச்சிடுங்க. உறையற குளிர்ல சார்ஜ் பண்ணக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு, அது காஷ்மீர் போறவங்களுக்கு. ஜவ்வாது மலையில அந்தக் கவலை இல்லை.

ஆன்லைன்ல பவர் ஸ்டேஷன்னு ஒரு டப்பா விக்கறான் ணா, அதை வாங்கி உள்ள வெச்சிட்டா வேலை முடிஞ்சிதா?

முடிஞ்சிடும். பேட்டரி, சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் கண்ட்ரோலர், யூ.எஸ்.பி எல்லாம் ஒரே டப்பாவுல. வொயர் முனைய நசுக்கி மாட்டற கிரிம்பிங் டூல் கையில எடுக்கவே பயமா இருக்குன்னா, இல்ல வருஷத்துல எப்பவாவது ஒரு தடவதான் கிளம்புவேன்னா, இதான் சரி. வீட்ல கரண்ட் போனாலும் எடுத்துக்கலாம்.

ரெண்டு விஷயம் பாத்து வாங்குங்க. வாட்னு போட்டிருக்கறது ஒரே நேரத்துல எவ்ளோ தூக்கும்ங்கறது, வாட் அவர்னு போட்டிருக்கறதுதான் எவ்ளோ நேரம் தாங்கும்ங்கறது, டப்பா மேல பெருசா முதல்ல சொன்னதைத்தான் போடுவான். அடுத்தது, இதுல ஒரு பார்ட் போனா மொத்த டப்பாவையும் அனுப்பணும். தனித்தனியா மாட்டின சிஸ்டத்துல போனதை மட்டும் மாத்திடலாம், அதுக்கு வேலூர் பஜார்லயே சாமான் கெடைக்கும்.

வொயர் எந்த சைஸ் போடணும்? வீட்டு வொயரிங்ல மிச்சமான 1 ஸ்கொயர் இருக்கு.

ஸ்கொயர்னா உள்ள இருக்கற காப்பர் எத்தனை சதுர மில்லிமீட்டர்ங்கறது. லைட்டுக்கு அந்த 1 போதும். ஆனா வீட்டு பழக்கத்துல எல்லாத்துக்கும் அதையே இழுத்தா மாட்டிப்பீங்க. 230 வோல்ட்ல ஒரு வோல்ட் கொறஞ்சா யாருக்கும் தெரியாது, 12-ல ஒரு வோல்ட் போச்சுன்னா எட்டு பர்சன்ட் போச்சு.

ஒரு கணக்கு போட்டு காட்டறேன். பேட்டரியில இருந்து நாலு மீட்டர் தள்ளி 10 ஆம்பியர் இழுக்கற சாமான் ஒண்ணு இருக்கு. கரண்ட் போகணும் வரணும், ஆக வொயர் எட்டு மீட்டர். 1.5 ஸ்கொயர் காப்பர்ல மீட்டருக்கு 12 மில்லி ஓம் இருக்கும், எட்டு மீட்டருக்கு கிட்டத்தட்ட 0.1 ஓம், 10 ஆம்பியருக்கு ஒரு வோல்ட்டே வொயர்ல காலி. 2.5 போட்டா 0.6 வோல்ட், 4 ஸ்கொயர் போட்டா 0.4க்கும் கீழ. என்னைக் கேட்டா ஒரு லைட்டுக்கு 1, ஃபேனுக்கும் சாக்கெட்டுக்கும் 2.5, பேட்டரியில இருந்து ஃப்யூஸ் பாக்ஸ் வரைக்கும் 6. ஒத்தைக் கம்பி வொயர் வேணாம், அதிர்வுல முறிஞ்சிடும், பல இழை போட்ட ஃப்ளெக்சிபிள்தான் வாங்கணும்.

கலர் விஷயத்துல உஷார். வீட்டு வொயரிங்ல கருப்புன்னா நியூட்ரல், சிவப்பு ஒரு ஃபேஸ். 12 வோல்ட்ல சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ். ரெண்டும் ஒரே டிரெய்லர்ல இருந்தா ரெண்டுக்கும் தனித்தனி பைப், தனித்தனி பக்கம். பின்னாடி வேற யாராவது ரிப்பேர் பண்ண வந்தா அவன் உயிருக்கு உத்தரவாதம் அதுதான்.

12 வோல்ட்டுதானே, ஷாக்கே அடிக்காது, ஃப்யூஸ் எதுக்கு?

ஷாக் அடிக்காது, சரி. நெருப்பு பிடிக்கும். பேட்டரி ரெண்டு முனையும் எங்கயாவது தொட்டுச்சுன்னா நூத்துக்கணக்குல ஆம்பியர் பாயும், வொயர் மேல இருக்கற பிளாஸ்டிக் உருகி பிளைவுட்ல பிடிச்சிக்கும், நீங்க அதுக்குள்ளதான் தூங்கிட்டு இருப்பீங்க. வண்டி ஆடறதுல தகர விளிம்புல உரசி உரசி வொயர் தோல் உரியறது சர்வ சாதாரணம், அதனால தகரத்துல ஓட்டை போடற எடத்துல எல்லாம் ரப்பர் வளையம் போடுங்க.

மெயின் ஃப்யூஸ் பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள்ள இருக்கணும், நம்ம சைஸ் சிஸ்டத்துக்கு 30 ஆம்பியர் தாராளம். அங்க இருந்து ஒரு ஆறு வழி பிளேட் ஃப்யூஸ் பாக்ஸ், கார்ல இருக்கற அதே ஃப்யூஸ்தான், சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. லைட்டுக்கு 5 ஆம்பியர் போதும். ஃப்யூஸ் காப்பாத்தறது வொயரைத்தான், சாமானை இல்ல, அதனால எரிஞ்சி போச்சுன்னா பெருசா ஒண்ணு சொருகற வேலை வேணாம், எதனால போச்சுன்னு தேடுங்க.

ஃப்யூஸுக்கு பதிலா வீட்டு எம்.சி.பி போட்டா டிரிப் ஆனதும் திருப்பி தூக்கி விட்டுக்கலாமே?

எம்.சி.பின்னா லோடு ஜாஸ்தியானா தானா விழற சுவிட்ச். வீட்ல இருக்கறது ஏ.சி கரண்ட்டுக்கு. ஏ.சி ஒரு செகண்டுக்கு 100 தடவ பூஜ்யத்தைத் தொட்டு வரும், அதனால உள்ள வர்ற பொறி தானா அணையும். பேட்டரியில இருந்து வர்ற டி.சி-ல அந்த பூஜ்யம் கெடையாது, பொறி நீண்டு நின்னு எரியும். டி.சி-ன்னே போட்ட எம்.சி.பி சோலார் கடைங்கள்ல கெடைக்கும், அது போடலாம். பிளஸ் மைனஸ் பக்கம் குறிச்சிருந்தா அதே மாதிரிதான் மாட்டணும்.

எந்த ஃபேன் ணா நல்லா இருக்கும்?

12 வோல்ட் டி.சி ஃபேன், பிரஷ் இல்லாத பி.எல்.டி.சி மோட்டார் போட்டது, சோலார் சாமான் விக்கற கடையில இருக்கும், 12-ல இருந்து 20 வாட்டுக்குள்ள முடியும். ஒண்ணு தலைமாட்டுல. கூரையில சூடான காத்தை வெளிய தள்ளற சின்ன எக்சாஸ்ட் ஒண்ணு, கம்ப்யூட்டர் ஃபேனே போதும், 3 வாட்தான். நாலு பக்கமும் பகல் பூரா சூடேறின பெட்டியில உள் ஃபேன் மட்டும் ஓடினா அதே வெக்கையைத்தான் சுத்தி விடும்.

கொசுவுக்கு லிக்விட் மெஷின் 230 வோல்ட் கேக்கும், அதுக்காக ஒரு இன்வெர்ட்டரை ராத்திரி பூரா ஓட விடறவங்க இருக்காங்க. ஜன்னலுக்கு வலை அடிங்க, தீந்துது.

மே மாசம் வேலூர்ல ஃபேன் காத்து நெருப்பா வரும். ஏ.சி போட முடியாதா?

ஒரு டன் ஏ.சி ஃபுல்லா ஓடும்போது ஆயிரம் வாட் பக்கம் இழுக்கும். சின்ன பெட்டிதான், பாதி நேரம் கம்மியா ஓடும்னு சராசரி 600 வெச்சாலும் எட்டு மணி நேரத்துக்கு 4800 வாட் அவர். மேல சொன்ன 50 ஆம்ப் அவர் லித்தியம் மாதிரி எட்டு ஒம்போது பேட்டரி. அதை சார்ஜ் பண்ண சோலார் போடறதுக்கு கூரை பத்தாது, கார் கூரையையும் சேத்தாலும் பத்தாது.

கரண்ட் இருக்கற எடத்துல நிறுத்தி பிளக் போட்டு ஓட்டறதுன்னா சரி, அதைக் கீழ சொல்றேன். இல்லன்னா மே மாசம் மலைக்கு போங்க. ஏலகிரி ஆயிரம் மீட்டருக்கு மேல, ராத்திரி ஃபேனே கொறச்சிதான் வெப்பீங்க.

மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில்?

2000 வாட் இண்டக்‌ஷனை 12 வோல்ட்ல இருந்து ஓட்டினா 167 ஆம்பியர், இன்வெர்ட்டர்ல வேஸ்டாறதையும் சேத்தா 190 பக்கம். கட்டைவிரல் தண்டி கேபிள், அதுக்கு ஏத்த பேட்டரி, அதுக்கு ஏத்த ஃப்யூஸ். ஒரு லிட்டர் தண்ணி கொதிக்க வெக்கவே 100 வாட் அவர் பக்கம் போயிடும், அதாவது காலையில எல்லாருக்கும் டீ போட்டா ராத்திரி கணக்குல பாதிய குடிச்சிட்டீங்க. 5 கிலோ சிலிண்டர் இதே வேலைய எத்தனை நாளைக்கு பண்ணும் பாருங்க.

மிக்ஸி 500, 750 வாட் இருந்தாலும் ரெண்டு நிமிஷம்தான் ஓடும், மொத்தத்துல பேட்டரிய ஒண்ணும் பண்ணாது. ஆனா மோட்டார் கிளம்பும்போது ரெண்டு மூணு மடங்கு இழுக்கும், அதுக்கு 1500 வாட் பியூர் சைன் இன்வெர்ட்டர், அதாவது வீட்டு கரண்ட் மாதிரியே அலை குடுக்கறது, வேணும். ஒரு சட்னிக்காக இதெல்லாம் வேணுமா? வீட்ல அரைச்சு டப்பாவுல எடுத்துட்டு போங்க, இல்ல தேங்காயை துருவி பொடி போட்டுக்கோங்க.

சோலார் எவ்ளோ வாட் போடணும்? மேலயே ஒட்டிடலாமா?

மேல போட்ட 230 வாட் அவர் கணக்குக்கு 100 வாட் பேனல் ஒண்ணு சரியா இருக்கும். நம்ம பக்கம் நல்ல வெயில் நாள்ல படுக்க வெச்ச 100 வாட் பேனல்ல இருந்து 350 வாட் அவர் பக்கம் எதிர்பாக்கலாம். பேனல்ல 100னு எழுதியிருக்கறது செல் 25 டிகிரில இருக்கும்போது வர்றது. நம்ம வெயில்ல செல் 65 போகும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 பர்சன்ட் கிட்ட கொறையும், அப்பவே பதினாறு பர்சன்ட் போச்சு. அதனாலதான் தகரத்தோட ஒட்டாம கீழ ரெண்டு இன்ச் காத்து போற மாதிரி நிறுத்தணும். ஐப்பசி கார்த்திகை மழையில எத்தனையோ நாள் பாதி கூட வராது, அதுக்குத்தான் ரெண்டு ராத்திரி தாங்கற பேட்டரி.

ஒட்டறதை விட நான் சொல்றது, பேனலை கழட்டி எடுத்து 5 மீட்டர் கேபிள்ல தள்ளி வெக்கற மாதிரி செய்யுங்க. நமக்கு டிரெய்லர் புளியமரத்து அடியில நிக்கணும், பேனல் வெயில்ல இருக்கணும். கூரையில ஒட்டிட்டா ரெண்டுல ஒண்ணை விட்டுத்தான் ஆகணும்.

எம்.பி.பி.டி கண்ட்ரோலர்னு நானூறு ரூபாய்க்கு கெடைக்குதே, வாங்கலாமா?

கண்ட்ரோலர்னா பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவுல சார்ஜை அளந்து விடற டப்பா. எம்.பி.பி.டி பேனலோட ஜாஸ்தி வோல்டேஜை இறக்கி கரண்ட்டா மாத்தும், பி.டபிள்யூ.எம் நேரா வெட்டி வெட்டி மட்டும் விடும். அந்த விலைக்கு கெடைக்கறது பேர்லதான் எம்.பி.பி.டி, உள்ள பி.டபிள்யூ.எம்தான். கையில தூக்கிப் பாருங்க, நெஜமான எம்.பி.பி.டி-க்குள்ள காயில் இருக்கும், பின்னாடி அலுமினிய தகடு இருக்கும், கனமா இருக்கும். 12 வோல்ட் பேனல் ஒண்ணு, 12 வோல்ட் பேட்டரி ஒண்ணுன்னா நல்ல பி.டபிள்யூ.எம்மே போதும், நஷ்டம் கம்மிதான். வீட்டு மாடிக்கு போடற 330 வாட் பெரிய பேனலை கொண்டு வந்தீங்கன்னா கட்டாயம் எம்.பி.பி.டி வேணும், அந்த பேனலோட வோல்டேஜ் ஜாஸ்தி, பி.டபிள்யூ.எம் அதுல பாதிக்கு மேல வீணடிக்கும்.

மாட்டும்போது முதல்ல பேட்டரி, அப்புறம் பேனல். கழட்டும்போது முதல்ல பேனல். கண்ட்ரோலர் பேட்டரிய பாத்துத்தான் இது எத்தனை வோல்ட் சிஸ்டம்னு முடிவு பண்ணும், பேனலை முதல்ல சொருகினா சிலது கொழம்பி புட்டுக்கும். லித்தியம்னா செட்டிங்கையும் லித்தியம்னு மாத்தணும்.

கார் ஓடும்போதே சார்ஜ் ஏத்திக்கலாமா? ஒரு வொயர் இழுத்தா போதுமா?

பழைய காருக்கு ஒரு ரிலே போட்டு நேரா இழுத்தவங்க இருக்காங்க. இப்ப வர்ற பி.எஸ் 6 கார்ங்கள்ல நெறையத்துல என்ஜினோட சுத்தி கரண்ட் குடுக்கற ஆல்டர்னேட்டர் பெட்ரோல் மிச்சம் பண்ண வோல்டேஜை இறக்கிடும், டிரெய்லர் பேட்டரிக்கு ஒண்ணும் போய் சேராது. லித்தியத்தை நேரா மாட்டினா இன்னொரு ஆபத்து, அது கெடைக்கற கரண்ட்டை எல்லாம் இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடாகும். நடுவுல டி.சி டு டி.சி சார்ஜர் போடுங்க, கார் பேட்டரி வோல்டேஜை டிரெய்லர் பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்தி அளவா குடுக்கும், 20 ஆம்பியர் போதும். வேலூர்ல இருந்து ஏலகிரி போய் சேர்ற ரெண்டு மணி நேரத்துல 450, 500 வாட் அவர் ஏறிடும், மழைக்காலத்துல சோலாரை விட இது நம்பிக்கை.

கார் பேட்டரி பக்கம் ஒரு ஃப்யூஸ், டிரெய்லர் பேட்டரி பக்கம் ஒரு ஃப்யூஸ், ரெண்டு பக்கமும் பேட்டரி இருக்குல்ல. கேபிளை கொஞ்சம் தொள தொளன்னு விடுங்க, ஹேர்பின்ல கார் மடங்கும்போது டைட்டா இருந்தா பிளக் புடுங்கிக்கும், அதுக்காக ரோட்டுல தேய்யற அளவுக்கும் விடாதீங்க.

டிரெய்லருக்கு பின் லைட், இண்டிகேட்டர் எல்லாம் இந்த பேட்டரியில இருந்தே எடுத்துக்கலாமா?

வேணாம். அது கார்ல இருந்து 7 பின் சாக்கெட் வழியா தனியா வரணும், டிரெய்லருக்குள்ள இருக்கற பேட்டரி செத்தாலும் பிரேக் லைட் எரியணும். டிரெய்லருக்கும் பதிவு வேணும், அதனால வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ ஆபீஸ்ல நேர்ல போய் கேட்டுக்கோங்க, செஞ்சு முடிச்சிட்டு கேக்காதீங்க.

நம்ம கழனில பம்பு செட் ஷெட்டு கிட்ட நிறுத்தி அங்க இருந்து பிளக் போட்டுக்கலாமா?

விவசாய சர்வீஸ் கரண்ட் பம்புக்குத்தான், அதுல மாட்டறது சட்டப்படியும் தப்பு, அந்த போர்டோட நெலமைய பாத்தா உங்களுக்கே மாட்டத் தோணாது. வீட்டு சர்வீஸ்ல இருந்து எடுங்க.

டிரெய்லர் பக்கம் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி (கரண்ட் பூமிக்கு லீக் ஆனா உடனே கட் பண்றது), ரெண்டு போல் எம்.சி.பி (ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேத்து வெட்டறது), இது ரெண்டும் இல்லாம 230 வோல்ட்டை உள்ள விடாதீங்க. 2.5 ஸ்கொயர் மூணு கோர் கேபிள், எர்த் வொயர் டிரெய்லர் சேஸிஸ்ல போல்ட் போட்டு முடுக்கி இருக்கணும், ஈர மண்ணுல வெறுங்கால்ல நின்னு தகர பாடியைத் தொடப் போறது உங்க பசங்கதான். வீட்டு பிளக்ல எர்த் உண்மையிலேயே வேலை செய்யுதான்னு எலக்ட்ரீஷியனை வெச்சு ஒரு தடவ பாத்துடுங்க. சுருட்டின எக்ஸ்டென்ஷனை முழுசா பிரிச்சு விடுங்க, சுருட்டியே வெச்சு லோடு இழுத்தா சூடாகி உருகும். ரெண்டு முனையிலயும் ஆண் பிளக் வெச்ச கேபிள் யாராவது செஞ்சு குடுத்தா வாங்காதீங்க, ஒரு முனைய சொருகினா மறு முனையில கம்பி உயிரோட வெளிய நீட்டிட்டு இருக்கும்.

சின்ன இன்வெர்ட்டர் ஒண்ணு வெச்சு, அதோட அவுட்புட்டை இதே 230 வொயரிங்ல குடுத்துட்டா எல்லா பிளக்கும் வேலை செய்யுமே?

இதுலதான் விஷயம் தெரிஞ்சவங்களே வழுக்கறாங்க. வீட்டு கரண்ட்ல நியூட்ரல் எங்கயோ டிரான்ஸ்பார்மர்ல பூமியோட சேந்திருக்கு, அதனாலதான் லீக் ஆனா ஆர்.சி.சி.பி-க்கு தெரியுது. சின்ன இன்வெர்ட்டர்ல நெறையத்துக்கு அந்த மாதிரி பூமித் தொடர்பு கெடையாது, ரெண்டு வொயருமே மிதந்துட்டு இருக்கும், ஆர்.சி.சி.பி அங்க சும்மா அலங்காரம். சரி நானே நியூட்ரலை சேஸிஸ்ல கட்டிடறேன்னு விலை கம்மியான இன்வெர்ட்டர்ல பண்ணா அது புகைஞ்சிடும். அதோட மறந்து போய் வீட்டு கரண்ட்டும் இன்வெர்ட்டரும் ஒரே வொயரிங்ல ஒண்ணா ஏறிச்சுன்னா இன்வெர்ட்டர் அந்த நிமிஷமே காலி.

லேப்டாப்புக்கோ கேமரா சார்ஜருக்கோ இன்வெர்ட்டர் வேணும்னா 300 வாட் பியூர் சைன் ஒண்ணு வாங்கி, அதோட சாக்கெட்லயே நேரா சொருகுங்க, வேலை முடிஞ்சா ஆஃப். சும்மா ஆன்ல இருந்தாலே அது கொஞ்சம் குடிச்சிட்டுத்தான் இருக்கும். இப்ப நெறைய லேப்டாப் டைப் சி-லயே சார்ஜ் ஆகுது, 12 வோல்ட்ல ஓடற 65 வாட் டைப் சி சாக்கெட் போட்டா இன்வெர்ட்டரே வேணாம்.

ஃபிரிட்ஜ் வேணும்னு வீட்டம்மா ஒத்தக் கால்ல நிக்கறாங்க.

கம்ப்ரசர் வெச்ச 12 வோல்ட் ஃபிரிட்ஜ் 40, 60 வாட்தான், ஆனா நம்ம வெக்கையில அது ரொம்ப நேரம் ஓடும், ஒரு நாளைக்கு 400, 500 வாட் அவர் வெச்சிக்கோங்க. அப்ப பேட்டரி 100 ஆம்ப் அவர் லித்தியம், சோலார் 200 வாட், அதாவது செலவு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கம்ப்ரசர் இல்லாத விலை கம்மி கூலர் பெட்டி வாங்கிடாதீங்க, அது வெளிய இருக்கற சூட்டுல இருந்து இருவது டிகிரி கொறைக்கறதுக்கே தலகீழா நிக்கும், 40 டிகிரில பால் திரிஞ்சிடும். பால், கறி ரெண்டு நாளைக்குன்னா நல்ல ஐஸ் பெட்டியில ஐஸ் கட்டி போட்டா போதும். ஆம்பூர்ல பிரியாணி கட்டிக்கிட்டு போறவங்களுக்கு அதுவும் வேணாம்.

லித்தியம் போட்டேன், மீட்டர்ல 13.1 வோல்ட் காட்டுது, ஃபுல்லா இருக்குன்னு நெனச்சா நடு ராத்திரில டப்புனு எல்லாம் ஆஃப். பேட்டரி போலியா?

போலியா இருக்கணும்னு இல்லை. லெட் ஆசிட்ல 12.7 ஃபுல், 12.2 பாதின்னு வோல்டேஜ் பாத்தே சொல்லிடலாம். எல்.எஃப்.பி-ல முக்காவாசி தூரம் 13.3-க்கும் 13-க்கும் நடுவுலயே நிக்கும், கடைசியில சரசரன்னு எறங்கி பி.எம்.எஸ் கட் பண்ணிடும். வோல்ட் மீட்டரை நம்பி பிரயோஜனம் இல்ல. மைனஸ் வொயர்ல ஷண்ட், அதாவது போற வர்ற கரண்ட்டை அளக்கற உலோகத் துண்டு, மாட்டற பேட்டரி மானிட்டர் ஒண்ணு போடுங்க, உள்ள போனது வெளிய வந்தது ரெண்டையும் ஆம்ப் அவர்ல எண்ணி பர்சன்ட் காட்டும். ஷண்ட்டை தாண்டாம எந்த மைனஸ் வொயரும் பேட்டரிக்கு போகக் கூடாது, ஒண்ணு நேரா போனாலும் கணக்கு பொய்.

கட் ஆன பேட்டரி முழிக்க சார்ஜ் குடுத்தா போதும். சில சோலார் கண்ட்ரோலர் பேட்டரி வோல்டேஜ் பூஜ்யம்னு பாத்துட்டு தானும் தூங்கிடும், அப்ப லித்தியம் சார்ஜர்லயோ கார் டி.சி சார்ஜர்லயோதான் எழுப்பணும். வீட்டு இன்வெர்ட்டரோட சார்ஜரை மாட்டாதீங்க, அதுல சிலது லெட் ஆசிட்டை சரி பண்றேன்னு 15 வோல்ட்டுக்கு மேல ஏத்தும்.

எல்லாம் சரியாத்தான் மாட்டினேன், ஆனா ஃபேன் போட்டா லைட் மங்குது. எங்க தேடறது?

மல்டிமீட்டரை டி.சி 20 வோல்ட்ல வெச்சு ஃபேனை ஓட விடுங்க, ஓடாதப்ப அளந்தா ஒண்ணும் தெரியாது. பேட்டரி முனையில அளங்க, அப்புறம் ஃப்யூஸ் பாக்ஸ்ல, அப்புறம் ஃபேன் கிட்ட. எந்த ரெண்டு எடத்துக்கு நடுவுல அரை வோல்ட்டுக்கு மேல காணாம போகுதோ அங்கதான் கோளாறு. ஃபேனோட சேந்து லைட்டும் மங்குதுன்னா ரெண்டுக்கும் பொதுவான வழியில இருக்கு, அதாவது மெயின் ஃப்யூஸ் ஹோல்டர், மெயின் சுவிட்ச், இல்லன்னா மைனஸ் பக்கம் சேஸிஸ் போல்ட். பெயின்ட் மேல போல்ட் முடுக்கியிருப்பீங்க, சுரண்டி பளபளன்னு தகரம் தெரிஞ்சதும் திருப்பி முடுக்கி மேல கிரீஸ் தடவுங்க.

அங்கயும் இல்லன்னா வொயர் முனையில நசுக்கி மாட்டியிருக்கற லக்கை ஒவ்வொண்ணா இழுத்துப் பாருங்க. கட்டிங் பிளேயர்ல நசுக்கின லக் கையோட வரும், உள்ள இழை கறுத்துப் போயிருக்கும். கறுத்த வரைக்கும் வெட்டிட்டு ராட்செட் கிரிம்பர்ல புது லக் அடிங்க, மேல ஹீட் ஷ்ரிங்க் போடுங்க. எலி கடிச்சிருக்கான்னும் பாத்துக்கோங்க, மாசக்கணக்குல ஷெட்டுல நின்ன டிரெய்லர்ல அதான் பாதி கேஸ்.